கல் சொல்வதும் வாய் சொல்வதும்

திருச்சானூர்ப் பக்கத்துச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரைச் சொல்லும் அழகே தனி. திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சுகனூர் என்று பெரியதிலிருந்து சிறியதற்குப் படிப்படியாக இறங்கி வருவார்கள். வரைபடம் இல்லாதவனும் வழி தவற மாட்டான். அந்தத் திருச்சுகனூர்தான் இன்றைய திருச்சானூர்.

இந்தப் பெயர்களைக் கல்லிலிருந்து தாளுக்குக் கொண்டுவரும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கல்லைத் துலக்கி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, அதன்மேல் மை ஒற்றுவார்கள். கறுப்புக்கு நடுவே எழுத்து வெள்ளையாக எழும். அதன் பிறகுதான் உண்மையான சோதனை. பழைய வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒரே உருவம்.

குடிமல்லம் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டில் அந்த ஊர் திருவிப்பிரம்பேடு. அது 'பெடு'வா 'பேடு'வா என்று கல்லைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஆனால் குடிமல்லம் இருக்கும் மண்டலத்தின் பெயரே ஏர்ப்பேடு. பேருந்து நடத்துநர் தினமும் கூவும் பெயர் ஆயிரம் ஆண்டுப் பழைய எழுத்துக்குச் சாட்சி சொல்கிறது! கல்லைப் படிப்பவனுக்கு ஊரார் பேச்சும் காதில் விழ வேண்டும் என்பது இதனால்தான்.

1830களில் அயர்லாந்தில் நில அளவைத் துறைக்காக ஜான் ஓ'டோனவன் இதைத்தான் செய்தார். ஊர் ஊராகப் போய், கேலிக் பேசும் பெரியவர்களிடம் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பழைய ஏடுகளோடு ஒப்பிட்டு, பொருளையும் எழுதிவைத்தார். நம் பக்கம் 1930களில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் கல்வெட்டுத் தொகுதிகளை அடுத்தடுத்து வெளியிட்டது. கல்வெட்டறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியின் உழைப்பு அதில் பெரிது.

பொருள் எழுதும்போது நிதானம் வேண்டும். திருமலை அடிவாரத்து அலிபிரியின் பெயர் 'அடிப்புளி'யின் திரிபு என்பார்கள். மலையடிவாரப் புளியமரத்தடியில் இராமானுசர் திருமலை நம்பியிடம் இராமாயணம் கேட்டாராம். அதை அவசியம் எழுத வேண்டும், ஆனால் வழக்காறு என்ற தலைப்பின் கீழ். அங்கிருந்து மலைப்பாதையில் மேலே ஏறினால் மோகாள்ள மிட்ட என்ற செங்குத்தான ஏற்றம். தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால். இதற்குப் பண்டிதர் விளக்கம் தேவையில்லை, ஏறியவர்களுக்கே தெரியும்.

காடுவெட்டி என்ற ஊர்ப்பெயர் கார்வேட்டிநகரம் ஆனதைச் சிதைவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தெலுங்கு நாக்கு அந்தப் பெயரைக் கைவிடாமல் தன் வசதிப்படி சொல்லி வந்ததால்தானே அது இன்னும் உயிரோடு இருக்கிறது? 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எல்லைக் கோடுதான் நகர்ந்தது. ஊர்ப்பெயர்கள் இரண்டு பக்கமும் கலந்தேதான் கிடக்கின்றன.

திருப்பதிக்கு நல்ல வரைபடம் ஒன்று போடுகிறவர்கள் கபில தீர்த்தம் என்ற பெயரின் பக்கத்தில் அதன் மறுபெயரான ஆழ்வார் தீர்த்தம் என்றும், சுவாமி புஷ்கரிணி என்பதற்குக் கீழே அதன் மறுபெயரான கோனேரி என்றும் சிறிய எழுத்திலாவது அச்சிட வேண்டும். இடம் போதாதென்றால் ஓட்டல் விளம்பரங்களைக் குறைத்துக்கொள்ளட்டும்.