அண்டையரைக் குழுவாக்குதல்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஹாவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய ஏழு தீவுகளுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடியில் இடப்பட்ட கண்ணாடி இழைக் கேபிள் 2020 ஆகஸ்டு 10-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டபோது, அதுவரை செயற்கைக்கோளையே நம்பிக் காலந்தள்ளிய அந்தமானில் இணைய வேகம் கூடியது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனோடு வேறொரு காரியமும் நிகழ்ந்தது. ஒரே வழி இருந்த இடத்தில் இரண்டு வழிகள் வந்தன. வழிகள் இரண்டானால் எப்போது எதில் போவது என்று தீர்மானிக்கும் பொறுப்பும் பிறந்துவிடுகிறது. அந்தத் தீர்மானத்தை உலகெங்கும் செய்துவருவது பி.ஜி.பி. என்ற நெறி. 1989-இல் கிர்க் லாஹீட், யாக்கவ் ரெக்டர் என்ற இருவர் உணவு மேஜையில் காகிதத் துண்டுகளில் வரைந்து தொடங்கிய அது, இன்று பெரிய ரௌட்டர்களை விட்டிறங்கி, அலமாரியில் அடுக்கிய சாதாரண சுவிட்சுகளிலும் குடியேறிவிட்டது. அந்தச் சுவிட்சில் அண்டைச் சாதனங்களை ஒவ்வொன்றாக எழுதாமல், ‘பீர் குரூப்’ என்று ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒருமுறை விதி வகுத்து, உறுப்பினரை அதில் சேர்த்துவிடும் வழக்கத்தின் குணதோஷங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் தலைமையிடம் வைத்துக்கொண்டு ஏழு தீவுகளிலும் கிளை நடத்தும் ஓர் அலுவலகத்தை எண்ணிப் பார்ப்போம். கிளை ஒவ்வொன்றுக்கும் கடவுச்சொல், நேர அளவுகள், எந்தப் பாதைகளைச் சொல்லலாம், எவற்றை ஏற்கலாம், எத்தனைக்கு மேல் ஏற்கக்கூடாது என்று எட்டு வரிகள் எழுதினால், ஏழு கிளைகளுக்கு 56 வரிகளாகும். குழு அமைத்தால் பொது வரிகள் எட்டும், சேர்க்கை வரிகள் ஏழும், குழுவுக்குப் பெயரிடும் வரி ஒன்றும் சேர்ந்து 16-இல் முடியும். இந்த லாபத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. கமோர்ட்டாவுக்கு மட்டும் ஒரு வடிகட்டி விடுபட்டுப்போய், அது ஆறு மாதம் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடப்பது 56 வரிகளில் மிகச் சுலபம். 16 வரிகளில் அவ்வளவு சுலபமன்று.

ஆனால், இவ்வழக்கம் தோன்றிய காரணம் இந்த எழுத்துச் சிக்கனம் மாத்திரமன்று. தொடக்க காலத்து ரௌட்டரின் செயலிக்கு வலு குறைவு. நூறு அண்டையர் இருந்தால் ஒரே செய்தியை நூறு முறை வடிகட்டித் தயாரித்து அது திணறிப்போகும். குழுவாக்கினால் ஒருமுறை தயாரித்து நூறு பிரதி அனுப்பலாம். இதற்காகவே, குழுவினர் அனைவருக்கும் வெளிச்செல்லும் விதி ஒன்றாகவே இருக்க வேண்டும், உள்வரும் விதியில் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடலாம் என்ற நிபந்தனை சிஸ்கோ சாதனங்களில் விதிக்கப்பட்டது. பின்னர், ஒரே வெளிவிதி உடையவர்களைச் சாதனமே கண்டறிந்து தானாகச் சேர்த்துக்கொள்ளும் ‘அப்டேட் குரூப்’ வந்ததும் அந்தக் காரணம் ஒழிந்தது. ஆகையால் இன்று பீர் குரூப்பை வேகத்துக்கான சாதனமாகப் புகழ்வது பழங்கணக்கைப் புதுப் பேரேட்டில் எழுதுவதாகும். எழுத்தொழுங்குக்கான ஏற்பாடு என்ற அளவிலேயே அதை எடைபோட வேண்டும்.

அப்படி எடைபோடும்போது முதலில் தென்படும் குறை, குழுவுக்கு ஒற்றுமையைத் தேடாமல் பெயரைத் தேடுகிற மனிதப் பழக்கம். ‘தீவுகள்’ என்று ஒரு குழு அமைத்துவிட்டால், தீவில் இருப்பதெல்லாம் அதில் சேர்ந்துவிடுகிறது. கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேக்குக் கேபிள் வழியாக ஓர் இணைப்பும், கேபிள் அறுந்தால் உதவுவதற்குச் செயற்கைக்கோள் வழியாக ஓர் இணைப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே ஊருக்குத்தான் செல்கின்றன. எனினும் சுபாவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. கேபிளில் செய்தி போய்த் திரும்பச் சில பத்து மில்லிசெகண்டு போதும். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போய்த் திரும்ப அரை செகண்டு வேண்டும். கேபிளுக்கென்று, இணைப்பு உயிரோடிருப்பதை அறிவிக்கும் சிறு துடிப்புகள் மூன்று தவறினாலே இணைப்பு செத்ததெனத் தீர்மானிக்கும் கண்டிப்பான நேர அளவைக் குழுவில் வைத்தால், செயற்கைக்கோள் இணைப்பும் அதே கண்டிப்பைச் சுவீகரித்துக்கொள்கிறது. கனமழையில் அலை மங்கித் துடிப்புகள் சில தவறுவது அங்கே சகஜம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் பூமி அது. விழுந்து எழுந்து, எழுந்து விழுந்து, ஒவ்வொரு முறையும் பாதைகளைத் திரும்பப் பெற்று மீண்டும் அறிவித்து, ஆபத்துக்கு உதவ வைத்த வழியே ஆபத்தாக மாறிவிடுகிறது. இதில் சாதனத்தின் பிழை எதுவுமில்லை, சொன்னதைச் செய்தது.

இதைவிடச் சூட்சுமமான குறை ஒன்றுண்டு. வலையமைப்பை அடையாளங்காட்டும் ஏ.எஸ். எண்ணையும் குழுவிலேயே எழுதிவிட்டால் ஆளுக்கொரு வரி மிச்சமாகும் என்ற ஆசையில், ஏழு கிளைகளுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் பி.ஜி.பி., தன் எண் தன்னிடம் வரும் பாதையில் ஏற்கெனவே இருக்கக் கண்டால், சுழற்சி என்று கருதி அப்பாதையை நிராகரிக்கும். ஆகவே கமோர்ட்டாவின் பாதை டாலிகஞ்ச் வழியாகக் கார் நிக்கோபாரை அடையும்போது, அங்கே சத்தமின்றிக் கைவிடப்படும். தலைமையிடத்தோடு இரு கிளைகளும் நன்றாகப் பேசும், தமக்குள் பேசா. பிறகு அந்தப் பாதுகாப்பையே தளர்த்தும் ஒரு கட்டளையைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பார்கள். ஒரு வரியை மிச்சப்படுத்தப் போய் ஒரு காவலை இழந்த கணக்கு இது.

பாதை எண்ணிக்கையின் உச்சவரம்பும் இப்படியே. 2021 ஏப்ரல் 16-இல் வோடஃபோன் ஐடியாவின் வலையமைப்பு தனக்குச் சொந்தமல்லாத முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பாதைகளைத் தனதென்று அறிவித்த சம்பவத்தைப் போன்றவற்றைத் தடுக்க, இத்தனைக்கு மேல் ஏற்காதே என்ற வரம்பு எளிய காவல். ஆனால் பத்துப் பாதை சொல்லும் சிறு கிளையும் ஆயிரம் பாதை சொல்லும் பெரிய அண்டையும் ஒரே குழுவில் இருந்தால், வரம்பு ஆயிரத்துக்கு மேல்தான் வைக்கப்படும். பத்துக்குரிய இடத்தில் அது வரம்பே அன்று. உறுப்பினர் வரியில் இதைத் தனியாக மாற்றிக்கொள்ளலாமே என்பர். உண்மை, ஆனால் அப்படிப்பட்ட விதிவிலக்குகள் பெருகப் பெருக, குழுவைப் படித்தவன் உறுப்பினரை அறிந்தவனாகான்.

இவை எல்லாவற்றிலும் நான் பெரிதாகக் கருதும் பிரதிகூலம், பிழையின் விஸ்தீரணம். தனித்தனியாக எழுதிய அமைப்பில் தவறு ஓர் அண்டையோடு நிற்கும்; குழுவில் எழுதிய தவறு ஒரே கணத்தில் ஏழு தீவுகளுக்கும் போகும். சிஸ்கோ ஐ.ஓ.எஸ்.-இல் குழுவையே நீக்கும் கட்டளையை இட்டால், அதன் உறுப்பினர் அனைவரும் சேர்ந்தே மறைவார்கள். கனடாவில் 2022 ஜூலை 8-இல் ராஜர்ஸ் நிறுவனம் ஒரு வடிகட்டியை நீக்கியதால் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சேவை இழந்தனர். அது பீர் குரூப்பால் விளைந்ததன்று; ஆனால் சீர்செய்ய உள்ளே நுழையும் வழியும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்ததால் ஊழியர்கள் திகைத்து நின்றார்கள் என்ற செய்தி அந்தமானுக்கு நேராகப் பொருந்துகிறது. சென்னையில் உட்கார்ந்து டாலிகஞ்சின் சுவிட்சைத் திருத்துகிறவர், தாம் உட்புகுந்த வழியையே தம் கையால் அடைத்துக்கொண்டால், அடுத்து விமானச் சீட்டு தேட வேண்டும். கப்பலானால் மூன்று நாள். கேம்ப்பெல் பே இன்னும் தூரம்.

இத்தனை சொல்லியும், குழுவே வேண்டாமென்பது என் அபிப்பிராயமன்று. 56 வரிகளைப் பிழையின்றிக் காப்பாற்றும் பொறுமை எந்த அலுவலகத்திலும் நிலைத்ததில்லை. நேர அளவு, கடவுச்சொல் போன்ற உறவு விதிகளை ஒரு வார்ப்பிலும், பாதை விதிகளை வேறொரு வார்ப்பிலும் வைத்து வேண்டியபடி இணைக்கும் டெம்ப்ளேட் முறை பல சாதனங்களில் வந்துவிட்டது. பீர் குரூப்பைவிட அது சிலாக்கியம், கற்பதற்குச் சற்றுக் கடினமென்றாலும். மாற்றத்தை உறுதி செய்யாவிட்டால் பத்து நிமிஷத்தில் பழைய நிலைக்குத் தானே திரும்பும் வசதி ஜூனிப்பர் சாதனங்களில் உண்டு. தீவுகளில் அதைப் பயன்படுத்தாமல் குழுவின் மீது கை வைப்பது துணிச்சலன்று, அசட்டுத்தனம். டாலிகஞ்சில் அமையும் சுவிட்சில் கேபிள் அண்டையருக்கு ஒரு குழுவும் செயற்கைக்கோள் அண்டையருக்கு ஒரு குழுவும் தனித்தனியே இருக்கட்டும். சென்னையிலிருந்து நிர்வகிக்க நுழையும் வழி மட்டும் எந்தக் குழுவிலும் சேராமல் தன் எட்டு வரிகளோடு தனியே நிற்கட்டும்.