பவளத்துக்கு வேண்டிய ஒளி: ஒரு சிறு விளக்கின் பரிசோதனை

மெரினாவில் 1909-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மீன் காட்சிசாலை இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்டுவிட்டபோதிலும், கடல் ஜீவன்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காணும் ஆவல் சென்னைவாசிகளை விட்டு நீங்கவில்லை. ஆழ்வார்பேட்டையின் அடுக்குமாடி வீடுகளில், எழுபது எண்பது லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியிலேயே பவளங்களை வளர்ப்பதற்குரிய சாதனங்கள் இன்று கிடைக்கின்றன. அவற்றுள் மிகுந்த யோசனையோடு வாங்க வேண்டியது விளக்கு. அக்வா இல்லுமினேஷன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ‘ஏஐ பிரைம் 16 எச்டி’ விளக்கை எங்கள் வீட்டுத் தொட்டியின் மேல் பொருத்தி, கத்திரி வெயிலிலும் ஐப்பசி மழையிலும் எரியவிட்டுப் பார்த்ததில் எனக்கு உண்டான அபிப்பிராயங்களை இங்கே எழுதுகிறேன்.

பவளம் பிராணி வர்க்கத்தைச் சேர்ந்ததே ஆயினும், அதன் சதைக்குள் குடியிருக்கும் ஜூசாந்தெல்லே என்னும் நுண்பாசி ஒளியைக் கொண்டு ஆக்கும் ஆகாரத்தில்தான் அது பெரும்பாலும் ஜீவிக்கிறது. ஆகையால் தொட்டிக்கு விளக்குப் போடுவது குழந்தைக்குச் சோறூட்டுவதைப் போன்றது. குறைந்தால் இளைக்கும், மிஞ்சினால் உடம்புக்கு ஆகாது. அந்த ஒளியின் நிறத்துக்கும் காரணம் உண்டு. கடல் நீர் சிவப்பு ஒளியை மேலடுக்கின் சில மீட்டர்களுக்குள்ளேயே பெரும்பாலும் உறிஞ்சிவிட, நீலமே ஆழத்துக்கு இறங்குகிறது. 1921-இல் மத்தியதரைக் கடல் வழியே கப்பற்பயணம் செய்த சி. வி. ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு மட்டுமே என்ற கொள்கையை மறுத்து, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று நிலைநாட்டிய வரலாறு பிரசித்தமானது. அந்த நீல வெளிச்சத்திலேயே யுகயுகமாக வாழ்ந்து பழகிய பாசிக்கு, நீலத்தை மிகுதியாகவும் வெண்மையை அளவாகவும் தரும் விளக்கே இயல்பாகப் பொருந்துகிறது.

பாசிக்குப் பயன்படும் ஒளியை, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களை, ‘பார்’ என்ற அளவையால் அளக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடிக்கு விழும் ஒளித்துகள்களை மைக்ரோமோல் கணக்கில் சொல்வது அது. உச்சிவேளைச் சூரியன் ஏறத்தாழ 2,000 வரை பொழிகிறான். ஆனால் மஷ்ரூம் என்று அழைக்கப்படும் காளான் பவளத்துக்கு 50 முதல் 100 வரையிலும், ஜோவா என்னும் பொத்தான் பவளத்துக்கும் லெதர் பவளத்துக்கும் 75 முதல் 150 வரையிலும் இருந்தால் போதுமானது. அக்ரோபோரா போன்ற கிளைக் கல்பவளங்களே 200-க்கும் 350-க்கும் இடைப்பட்ட ஒளியைக் கேட்கின்றன. கைபேசியிலுள்ள லக்ஸ் செயலியைக் கொண்டு இதை அளக்கப் புகுவது வீண் முயற்சி. மனிதக் கண்ணின் ஸ்வபாவத்தை அனுசரித்துப் பச்சைக்கு அதிக மதிப்பும் நீலத்துக்குக் குறைந்த மதிப்பும் அளிப்பது லக்ஸ் ஆகையால், நீல விளக்கின் உண்மையான பலத்தை அது மறைத்துவிடும்.

எந்தப் பவளத்தை வளர்க்கலாம் என்பதைச் சட்டமும் நிர்ணயிக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கறும்பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவற்றோடு 2001-இல் சேர்க்கப்பட்டன. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள், ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்டு மிகவும் நலிந்துபோய், 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்பும் 2010-லும் 2016-லும் கடல் வெப்பத்தால் வெளுத்து வருந்தியவை. அங்கிருந்து ஒரு துண்டைப் பெயர்த்துக் கொணர்ந்து வரவேற்பறையில் வைப்பது சட்டவிரோதம் மட்டுமல்ல, பெரும் பாவமும் ஆகும். ஆக நம் வீட்டுத் தொட்டிக்கு உரியவை மஷ்ரூம், ஜோவா, லெதர் போன்ற மென்பவளங்களே என்றாகிறது. அவற்றுக்கோ மிதமான ஒளியே ஹிதமானது. விளக்கைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் பாதி முடிவு இங்கேயே ஏற்பட்டுவிடுகிறது.

பிரைம் விளக்கு உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே மேற்பட்ட சதுரம். நடுவில் ஒரு சிறு விசிறி. உச்சபட்ச மின்செலவு 59 வாட். வெள்ளை, நீலம், அடர்நீலம், ஊதா, புற ஊதா, பச்சை, சிவப்பு என்று நிறங்களைத் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் கைபேசிச் செயலி இடமளிக்கிறது. ஒரு நிறத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சக்தியை மற்ற நிறங்களுக்குத் திருப்பிக்கொள்ளும் ஏற்பாடு இதன் சூட்சுமம். நீலத்தை நாடும் நமக்கு அதனால் மெய்யான பிரயோஜனம் உண்டு. காலையில் மெல்ல ஏறி, நண்பகலில் நிலைத்து, மாலையில் மெல்ல இறங்கும்படி நாள் முழுவதுக்கும் ஒரு வளைகோட்டை வரைந்து வைத்துவிடலாம். எல்லாவற்றிலும் நான் மேலாக மதிப்பது, புதிதாக வந்த பவளத்துக்காக ஒளியைப் பல வாரங்களில் படிப்படியாக உயர்த்தும் பழக்க ஏற்பாட்டை.

தொட்டியைக் கூர்ந்து கவனிப்பவருக்குப் பவளங்களே அளவுகருவியாகின்றன. ஒளி மிஞ்சினால் மஷ்ரூம் ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு குறுகிவிடும். குறைந்தாலோ தட்டு விரித்தாற்போல் அகலமாகப் படரும். ஜோவாவுக்கு ஒளி போதாவிட்டால் காம்பு நீண்டு, ஒவ்வொரு மொட்டும் மேல்நோக்கி எக்கி நிற்கும். அதை இடம் மாற்றும்போது கையுறை அவசியம், ஏனெனில் அவ்வினத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய விஷம் உண்டு. லெதர் பவளம் இழைகளை உள்ளிழுத்து, மேற்பரப்பில் மெழுகு பூசினாற்போலப் பளபளத்து, சில தினங்கள் கழித்து மெல்லிய சவ்வொன்றை உரித்து நீரோட்டத்தில் விட்டுவிட்டு மறுபடியும் மலரும். செத்துவிட்டதோ என்று பதறி விளக்கின் அளவை மாற்றுவோர் பலர்; அந்த வேளையில் ஒன்றும் செய்யாதிருப்பதே உத்தமம்.

சென்னையில் ஒளியைப் பற்றிப் பேசும்போது உஷ்ணத்தை விட்டுவிட முடியாது. தொட்டி நீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நலம், ஏ.சி.யோ சில்லரோ இல்லாத அறையில் மே மாதத்தில் அது 30-ஐத் தாண்டிவிடும். பழைய மெட்டல் ஹாலைடு விளக்கைப் போல எல்.இ.டி. நீரின் மேல் நேராக வெப்பத்தைப் பாய்ச்சுவதில்லை. எனினும் மூடிய பலகைக் கூண்டுக்குள் வைத்தால் விசிறி வெளியேற்றும் சூடு அங்கேயே தங்கி நீருக்குத் திரும்பும். நீர்ப்பரப்பின் மேல் விசிறி வைத்துக் குளிர்விக்கலாமென்றால், நம் ஊர்க் காற்றின் ஈரத்தால் நீர் ஆவியாவது மந்தப்பட்டு, அந்த உபாயம் பாதிப் பலனே தருகிறது; ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. நீரை ஊற்றி உப்பின் அளவையும் காக்க வேண்டியிருக்கிறது. மிகுந்த வெப்பமும் மிகுந்த ஒளியும் சேரும்போதுதான் பாசி நச்சுத் தன்மையுள்ள ஆக்சிஜனை உண்டாக்க, பவளம் அப்பாசியை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. ஆகவே அக்கினி நட்சத்திர நாட்களில் நண்பகல் உச்சத்தைக் குறைத்து, எரியும் நேரத்தையும் சுருக்கிவிட வேண்டும். மின்வெட்டு நேரத்தில் இன்வர்ட்டரின் சக்தி, நீரோட்டத்தை உண்டாக்கும் வேவ்மேக்கருக்கே போகட்டும். ஒரு நாள் இருட்டைப் பவளம் பொறுத்துக்கொள்ளும், ஓட்டமற்ற நீரைப் பொறுக்காது.

இதற்கு முன்பு பெயர் அறியாத மலிவு விளக்கொன்றை உபயோகித்தேன். அதில் நீலம், வெள்ளை என்ற இரண்டே பிரிவுகள். உப்புப் படிந்து விசிறி நின்றுபோனபின் நீல விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கின. பிரைமிலும் விசிறி உண்டாகையால் உப்பை மென்தூரிகையால் அடிக்கடி துடைத்தெடுப்பது கடமை. கைபேசியின் தயவை விரும்பாதவருக்குக் கெஸ்ஸில் நிறுவனத்தின் 40 வாட் ‘ஏ160’ நல்ல துணை. திருகுகளிலேயே நிறத்தையும் பலத்தையும் மாற்றலாம், ஒளி ஒரே இடத்திலிருந்து எழுவதால் கடலடியில் காண்பதுபோன்ற அலைநெளிவும் அழகாக விழுகிறது. நாற்பது லிட்டருக்குட்பட்ட தொட்டிக்கு அதே நிறுவனத்தின் 15 வாட் ‘ஏ80’ போதும்.

எழுபது எண்பது லிட்டர் கொண்ட, ஏறக்குறையச் சதுரமான தொட்டிக்குப் பிரைமை நான் மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன். நீர்மட்டத்திலிருந்து எட்டு முதல் பன்னிரண்டு அங்குல உயரத்தில் பொருத்தி, கால்பங்கு பலத்தில் தொடங்கி, பவளங்களின் முகம் பார்த்து வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தி, பாதிக்குள் நிறுத்திக்கொள்வது உசிதம். நீண்ட தொட்டியாயின் மூலைகள் இருளாமலிருக்க ஒன்றுக்கு இரண்டாகச் சிறிய விளக்குகளை மாட்டலாம். மின்வயரைப் பிளக்கின் மட்டத்துக்குக் கீழே வளைவாகத் தொங்கவிட்டு, பிறகு மேலேற்றிப் பிளக்கில் செருகுங்கள். அந்த இணைப்புக்கு, மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. கட்டாயம் வேண்டும். மென்பவளத்துக்கு வேண்டாத பிரகாசத்துக்காகப் பெரிய விளக்கு வாங்கும் பணத்தை நீரைக் குளிர்விக்கும் வசதிக்கு ஒதுக்குங்கள்; இவ்வூரின் கோடையில் பவளத்தைக் காப்பாற்றுவது அதுவே.