தோல் போர்த்திய கேக்

சங்கீதக் கச்சேரிக்கு விமரிசனம் உண்டு. சினிமாவுக்கு உண்டு. நாவலுக்கும் உண்டு, அது இல்லாமலிருந்தால் நல்லது என்று நாவலாசிரியர்கள் நினைத்தாலும் உண்டு. ஓட்டல் காப்பிக்குக்கூட நம்மவர்கள் ஒரு வாய் குடித்ததும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் செய்து அலங்கரித்த பிறந்த நாள் கேக்குக்கு மட்டும் விமரிசனமே கிடையாது. பார்த்தவுடன் எல்லாரும் ஒரே குரலாக "சூப்பர்!" என்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், வெட்டுகிறார்கள். அத்தோடு அதன் சரித்திரம் முடிந்துவிடுகிறது. புகழ்ச்சியை மட்டுமே தின்று எந்தக் கலையும் வளர்ந்ததில்லை. ஆகவே இந்தக் கலையைப் பற்றி என் அபிப்பிராயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

கலை என்று நான் சொல்வதைக் கேலி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலாற்றின் வடகரையில் இருக்கும் எங்கள் காட்பாடியில், ரயில் ஜங்ஷனைச் சுற்றியுள்ள தெருக்களிலும் காந்தி நகரிலும், வீட்டிலேயே கேக் செய்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடை இல்லை, போர்டு இல்லை. டெலிபோனில் ஆர்டர் வருகிறது. ஒரு காலத்தில் கேக்கின் மேல் க்ரீமில் ஒரு ரோஜாப்பூ இருந்தால் பெரிய விஷயம். இன்று பையனுக்குக் கிரிக்கெட் மைதானம் வேண்டும். பெண்ணுக்கு யானைக்குட்டி வேண்டும். தாத்தாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படிப்பது போலவே வேண்டும். இத்தனையையும் இவர்கள் சர்க்கரையில் செய்துவிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரை மாவு. ஐசிங் சர்க்கரை, குளுகோஸ் பாகு, கிளிசரின், ஜெலட்டின் ஆகியவற்றைச் சேர்த்துச் சப்பாத்தி மாவு போலப் பிசைகிறார்கள். கட்டையால் தேய்த்துப் பெரிய வட்டமாக்கி, கேக்கின் மேல் போர்த்தி, சுருக்கம் விழாமல் கையால் நீவி, அடியில் மிஞ்சியதை அறுத்து எடுத்துவிடுகிறார்கள். அதே மாவில் சி.எம்.சி. பவுடர் சிறிது கலந்தால் அது காய்ந்து கெட்டிப்படும். கேக்கின் உச்சியில் நிற்கும் பொம்மைகளும் பூக்களும், டாப்பர் என்கிறார்களே, அவை அந்த மாவில் செய்பவை. வேலூர்க்காரர்களுக்குச் சி.எம்.சி. என்றால் 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரிதான். கேக்காரர்களின் சி.எம்.சி. வேறு, அது தாவர நாரிலிருந்து தயாரிக்கும் ஒருவிதப் பசை.

இந்த வேலையைக் கவனித்துப் பார்க்கிற எங்கள் வட்டாரத்துக்காரன் எவனுக்கும் தோல் வேலை ஞாபகம் வராமல் இராது. காட்பாடிக்குக் கிழக்கே ராணிப்பேட்டை, மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி. மூன்றும் தோலை நம்பி வாழும் ஊர்கள். அங்கே தோலை ஒரே கனத்துக்குச் சீவுகிறார்கள், அச்சுக் கட்டையின் மேல் இழுத்துப் போர்த்துகிறார்கள், சுருக்கத்தை நீவுகிறார்கள், மிச்சத்தை அறுக்கிறார்கள். இங்கேயும் காரியம் அதுதான். உறவு இதோடு நின்றுவிடவில்லை. ஜெலட்டின் என்பதே விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. பதனிடுவதற்கு முன் சீவித் தள்ளுகிற தோல் துண்டுகள் அதற்கு ஒரு மூலப்பொருள். சைவர்களுக்காக ஜெலட்டின் இல்லாத, பச்சைப் புள்ளி இட்ட ஃபாண்டன்டும் கடையில் கிடைக்கிறது. எதைக் கொண்டு செய்தாலும் அது கேக்குக்குத் தோல். நான் சொல்லப் போகிற நல்லது பொல்லாதது எல்லாம் இந்தத் தோலைப் பற்றித்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்த டாப்பர்களில் சிறந்தது ஒரு ஜோடி ஷூ. ஷூ கம்பெனி ஒன்றில் 30 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்காக, எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அம்மாள் செய்தது. இரண்டும் ஓர் உள்ளங்கையில் அடங்கிவிடும். தையல் இருக்க வேண்டிய இடங்களில் ஊசி முனையால் குத்திய புள்ளிகள், ஒரே இடைவெளியில், ஓரத்தோடு ஒட்டி வளைந்து போயின. அதுகூடப் பெரிதில்லை. வலது குதிகாலின் வெளிப்புறம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. கடையில் இருக்கும் புது ஷூவைப் பார்த்து அந்த அம்மாள் செய்யவில்லை. அந்த மனிதர் நடந்து நடந்து தேய்த்த ஷூவைப் பார்த்துச் செய்திருக்கிறார். ஒரு பாத்திரத்தை உயிரோடு நிறுத்த நூறு பக்கம் நான் படுகிற பாட்டை, அவர் ஒரு குதிகாலில் முடித்துவிட்டார். இதைக் கலை என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

ஆனால் அதே விருந்தில், கேக்கை வெட்டிக் கொடுத்த பிறகு, தட்டுகளையும் கவனித்தேன். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் ஒரு துண்டு தோல் கிடந்தது. குழந்தைகள் அதை உரித்து வைத்துவிட்டு உள்ளே இருந்ததை மட்டும் தின்றிருந்தார்கள். பெரியவர்கள் மரியாதைக்காக ஒரு கடி கடித்துவிட்டு வைத்திருந்தார்கள். வாழைப்பழத்தின் தோலை உரித்து எறிகிறோம். அது இயற்கை கொடுத்த தோல். ஒருவர் ராக்கண் விழித்துச் செய்து போர்த்திய தோலை இன்னொருவர் உரித்து எறிகிறார் என்றால், எங்கேயோ பிழை இருக்கிறது.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்கச் சீமைப் புத்தகம் எதையும் புரட்ட வேண்டாம். விநாயக சதுர்த்தியன்று நம் வீட்டுப் பாட்டிகள் எல்லாரும் விமரிசகர்கள். கொழுக்கட்டையைக் கையில் எடுத்ததும் அவர்கள் பார்ப்பது மூன்று விஷயங்கள்: மேல் மாவு மெல்லியதாக இருக்கிறதா, வெடிக்காமல் இருக்கிறதா, பூரணம் நிறைய இருக்கிறதா. மேலே இருப்பது தித்திப்பில்லாத அரிசி மாவு; தித்திப்பு உள்ளே. வாய்க்குள் போய் இரண்டும் கலந்தால்தான் அது கொழுக்கட்டை. மாவு தடித்துவிட்டால் "மாவுருண்டை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். எங்கள் பக்கத்து ஆற்காட்டு மக்கன் பேடாவும் இதே ஜாதிதான். வெளியே பார்த்தால் சாதாரணப் பழுப்பு உருண்டை. கடித்தால் உள்ளே பருப்பும் திராட்சையும். இந்த மரபில் வளர்ந்த நாக்குக்கு ஃபாண்டன்ட் கேக் தலைகீழாக இருக்கிறது. வெறும் தித்திப்பு முழுவதும் வெளியே, அதுவும் தடித்த போர்வையாக. ருசி உள்ளே அடைபட்டுக் கிடக்கிறது. 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்தால் போதும், அது கேக்கோடு சேர்ந்து கரைந்துவிடும். நான் தட்டுகளில் பார்த்தது அதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும்.

அத்தனை நுணுக்கமான கை ஏன் இத்தனை தடித்த தோலைப் போர்த்த வேண்டும்? அந்த அம்மாளிடமே கேட்டேன்.

"மெல்லிசா தேச்சா கிழியும்ணா. அடியில இருக்கற மேடு பள்ளம் எல்லாம் தெரியும். முதல்ல சாக்லேட் பூசி, வழவழன்னு ஆக்கி, ஆறவெச்சு, அப்புறம் போத்தணும். அதுக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு யாரு காசு குடுக்கறாங்க? எல்லாரும் கிலோ எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க. கை எவ்வளவுன்னு ஒருத்தர்கூடக் கேக்கறதில்ல."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. இந்தக் கலைக்கு விமரிசகரே இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் தராசு. அவருக்கு எடை ஒன்றுதான் தெரியும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து செய்த சர்க்கரை ஷூ அவர் கணக்கில் நூறு கிராம்கூட இல்லை. அரை அங்குலம் தடித்த தோலோ அவருக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் ஃபாண்டன்ட் கேக்கைவிடக் கனமானது. கேக்கைக் கிலோக் கணக்கில் வாங்குகிற வரையில், தோலைத் தடிக்க வைப்பதும் கைக்குக் கூலி இல்லாமல் செய்வதும் நாம்தான்.

தராசுக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. அது போட்டோ. குளிர்நாட்டில் யாரோ செய்த கேக்கின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்கிறார்கள். வேலூரில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கிற பொருள். ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கைக் குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்த சற்று நேரத்துக்கெல்லாம் அதற்கு வியர்க்கிறது, பளபளக்கிறது, கறுப்புச் சாயம் வெள்ளையில் இறங்குகிறது. படத்தில் உள்ளபடி நிற்க வேண்டுமே என்பதற்காக மாவை இன்னும் கெட்டியாக்குகிறார்கள். பொம்மையின் காலில் குச்சியைச் செருகுகிறார்கள். பூவின் காம்புக்குள் கம்பியை நுழைக்கிறார்கள். கண்ணுக்காகச் செய்கிற ஒவ்வொரு சௌகரியத்துக்கும் வாய்தான் விலை கொடுக்கிறது.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. கேக்கின் மேல் இருப்பதெல்லாம் தின்னத்தக்கது என்றுதான் குழந்தை நம்புகிறது. மினுமினுப்புக்காகத் தூவும் பொடிகளின் டப்பாவில் சில சமயம் "நச்சற்றது" என்று மட்டும் அச்சிட்டிருக்கும். நச்சற்றது வேறு, தின்னத்தக்கது வேறு. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரு பிறந்த நாள் கேக்கைத் தின்ற ஆறு குழந்தைகள் வாந்தியெடுத்துப் படுத்தார்கள். மேலே பூசிய பொன்னிறப் பொடியில் செம்பு மிகுந்திருந்தது என்று, 2021-இல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் ஊரிலும் இது புதிதல்ல. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இதற்கும் இலக்கணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. மாவிளக்கை நினைத்துப் பாருங்கள். பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து, நடுவில் குழித்து, நெய் ஊற்றித் திரி போட்டு, சாமிக்கு முன் ஏற்றுகிறோம். பார்க்கவும் அழகு. எரிந்து முடிந்ததும் அதையே பிட்டுக் கொடுக்கிறோம். திரி ஒன்றுதான் தின்னத்தகாதது. அது இன்ன இடத்தில் இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கேக்கிலும் குச்சியும் கம்பியும் இருந்துவிட்டுப் போகட்டும். எங்கே இருக்கிறதென்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். அதைச் சொல்லாத அலங்காரம் ஏமாற்று.

அப்படியானால் பார்ப்பதற்கென்றே சர்க்கரையில் செய்வது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை. மாரடோனா 2020 நவம்பரில் காலமானதும், அடுத்த மாதமே இராமநாதபுரத்தில் ஒரு பேக்கரி ஆறடி உயரத்துக்கு அவருடைய உருவத்தைக் கேக்கில் செய்து நிறுத்தியது. 60 கிலோ சர்க்கரையும் 270 முட்டையும் செலவாயின என்று பத்திரிகைகள் எழுதின. பெங்களூரில் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக டிசம்பர்தோறும் நடக்கும் கேக் கண்காட்சியில் கோபுரங்களும் மாளிகைகளும் நிற்கின்றன. இலங்கையில் பல கல்யாணங்களில் அடுக்கடுக்காக மேடையில் நிற்பது வெறும் கூடு. தின்ன வேண்டிய கேக்கைச் சிறு துண்டுகளாக்கித் தனியே பெட்டியில் போட்டு விருந்தாளிகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். யுத்த காலத்து இங்கிலாந்தில், 1940-இல் கேக்கின் மேல் ஐசிங் போடுவதையே தடுத்துவிட்டபோது, கல்யாண வீட்டார் அட்டையில் செய்த வெள்ளைக் கூட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளே சின்னக் கேக்கை வைத்துக் கவிழ்த்தார்கள். இவையெல்லாம் நாணயமான காரியங்கள். கண்ணுக்கு உரியது இது, நாக்குக்கு உரியது அது என்று பிரித்துச் சொல்லிவிடுகின்றன. நம் வீட்டுக் கேக் அப்படியல்ல. இரண்டையும் ஒரே தட்டில் தருவதாக அது வாக்குக் கொடுக்கிறது. வாக்குக் கொடுத்தால் நிறைவேற்ற வேண்டும்.

நிறைவேற்றும் பொறுப்பு செய்கிறவருக்கு மட்டும்தானா? ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அது போதாத கூலி என்பது இந்த வட்டாரத்தில் யாவரும் அறிந்த சங்கதி. அங்கேகூட எண்ணுவது ஜோடியை. அதாவது, அந்தக் கைகள் செய்த வேலையை. தைத்ததைத் தராசில் போட்டு யாரும் கூலி தருவதில்லை. அந்த அரைகுறை நியாயமாவது கேக் செய்கிறவருக்குக் கிடைக்க வேண்டாமா? கேக்குக்கு ஒரு விலை, மேலே நிற்கும் கைவேலைக்கு ஒரு விலை என்று இரண்டாகக் கேளுங்கள். அவர்களும் இரண்டாகச் சொல்லட்டும். அப்புறம் தோலைத் தடிக்க வைக்கக் காரணம் இராது. சாக்லேட்டோ வெண்ணெயோ பூசிய கேக்கின் மேல் ஒரே ஒரு நல்ல பொம்மை நின்றால் போதும் என்று தோன்றினாலும் தோன்றும்.

கடைசியாக, கேக் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தின்பதற்கென்று செய்த டாப்பரைத் தின்றுவிடுங்கள். அந்த ஓய்வு பெற்ற மனிதருக்குச் சர்க்கரை ஷூவைக் கடிக்க மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார். அதை நான் குறை சொல்லமாட்டேன். 30 வருஷம் ஷூவோடு வாழ்ந்தவர். ஆனால் அந்த மாவில் ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்திருந்ததாக அந்த அம்மாள் பிற்பாடு என்னிடம் சொன்னார். தித்திப்பு திகட்டக் கூடாதே என்று சேர்த்தாராம். அதை ருசி பார்த்துச் சொல்ல அன்றைக்கு அங்கே ஒருவரும் இல்லை. அலமாரியில் வைத்த நாலாம் நாள் எறும்புகள் வந்தன.