டேக்கை நம்பும் சுவிட்சுகள்

24 போர்ட் கொண்ட ஒரே சுவிட்சில் 8 போர்ட்டுகளைக் கணக்குப் பிரிவுக்கும் 10 போர்ட்டுகளை மாணவர் ஆய்வகத்துக்கும் மீதியைக் கேமராக்களுக்கும் ஒதுக்கிவிடலாம். புதுப் பெட்டி வேண்டாம், கேபிளைப் பிடுங்கி மாற்றவும் வேண்டாம். ஒரு பிரிவில் எழும் பிராட்காஸ்ட் அந்தப் பிரிவோடு நின்றுவிடும். ஒரே சுவிட்சை இப்படித் தனித்தனிப் பிரிவுகளாக்கும் முறையான விலேன் இவ்வளவு பரவியதற்கு இந்த வசதியே காரணம்.

இரண்டு சுவிட்சுகளை இணைக்கும் டிரங்க் கம்பியில் எல்லாப் பிரிவுகளின் பிரேம்களும், அதாவது தரவுத் துண்டுகளும், கலந்து போகும். எது யாருடையது என்று தெரிய, 1998-இல் வந்த 802.1கியூ தரம் ஒவ்வொரு பிரேமுக்குள்ளும் 4 பைட் டேக் ஒன்றைச் செருகச் சொன்னது. அதில் 12 பிட் விலேன் எண்ணுக்கு, 3 பிட் முன்னுரிமைக்கு. சிஸ்கோவின் ஐஎஸ்எல் போன்ற தனி முறைகளைத் தாண்டி, வெவ்வேறு நிறுவனங்களின் சுவிட்சுகள் ஒத்துழைக்க இது வழிசெய்தது. இத்தனை சிறிய மாற்றத்தில் இவ்வளவு ஒழுங்கு கிடைத்ததை மனமாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அந்த டேக் வெறும் எண். அதை ஒட்டியது யார் என்று சோதிக்க அதில் எந்த ஏற்பாடும் இல்லை. விதிவிலக்காக, டிரங்கில் டேக் இல்லாமலே போகும் 'நேட்டிவ்' விலேன் ஒன்றும் உண்டு. பல சாதனங்களில் அது எண் 1. அந்த விலேனில் இருக்கும் ஒருவர் ஒரே பிரேமில் இரண்டு டேக்குகளை வைத்து அனுப்பினால், முதல் சுவிட்ச் நேட்டிவ் எண் கொண்ட வெளி டேக்கை உரித்துவிடும். அடுத்த சுவிட்ச் உள் டேக்கை நம்பி, அவருக்கு அனுமதியே இல்லாத பிரிவில் அதைக் கொண்டு சேர்க்கும். பதில் திரும்பி வராது என்பது உண்மைதான். ஆனாலும் தாக்குதலுக்கு ஒருவழிப் பயணமே பல நேரம் போதும். நேட்டிவ் விலேனை யாருமே பயன்படுத்தாத எண்ணுக்கு மாற்றினால் இந்த வழி அடைபடும், ஆனால் அதை ஒரு மனிதர் நினைவு வைத்துச் செய்தாக வேண்டும்.

என் குறை சாதனங்களின் தொடக்க அமைப்பின் மேல்தான். சிஸ்கோ சுவிட்சுகளில் டிரங்க் ஒன்றை அமைத்தால், நாம் தடுக்காதவரை எல்லா விலேன்களுக்கும் அதில் அனுமதி உண்டு. பழைய மாடல்கள் பலவற்றில் சாதாரண போர்ட்கூட எதிர்முனை கேட்டால் டிரங்காக மாறிவிடும். பிரிப்பதற்காக வாங்கிய பெட்டி திறந்த கதவுகளோடு வருவது தவறு.

பிரிவுகள் ஒன்றோடொன்று பேச ரவுட்டரோ மூன்றாம் அடுக்கு சுவிட்சோ வேண்டும். உண்மையான கட்டுப்பாட்டு விதிகளை எழுத வேண்டிய இடம் அங்கேதான். அவற்றை எழுதாமல் ரவுட்டிங்கை மட்டும் திறந்துவிட்டால், ஆய்வகக் கணினி கணக்குப் பிரிவின் சர்வரைத் தாராளமாக எட்டும்.

12 பிட்டில் பயன்படுத்தக்கூடிய எண்கள் 4094 மட்டுமே. பெரிய தரவு மையங்களுக்கு அது போதாமல் வந்த விஎக்ஸ்லேன், எண்ணை 24 பிட்டாக்கி 1.6 கோடிக்கும் மேல் பிரிவுகள் தந்தது. எண்ணை யார் இட்டார்கள் என்ற சோதனையை அதுவும் தன்னுள் கொண்டுவரவில்லை.