‘வீட்டுல சொல்லிருவேன்’

சீசன் நேரம். குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் டவுன் பஸ்ஸில், கல்லூரி வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்ற பெண்ணின் மணிக்கட்டை முறுக்கியபடி சொன்னான்: ‘செல்லக் குடு. இல்லேன்னா ஒங்க வீட்டுல சொல்லிருவேன்.’ கொடுத்துவிட்டாள். இந்த ஒற்றை வாக்கியத்தை ஒரு பிரதியாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

குடும்ப வன்முறையையும் காதலில் நிகழும் வன்முறையையும் இணைத்துப் பேசும்போது நாம் வழக்கமாகச் சொல்வது: அம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்ந்தவன் காதலியை அடிப்பான். இதில் உண்மை இல்லாமலில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பாடத்தை அவனும் படிக்கிறான், அவளும் படிக்கிறாள். ஆனால் இந்த விளக்கம் வன்முறையைப் பரம்பரை வியாதியாக்கி விடுகிறது. அதே மாதிரி வீட்டில் வளர்ந்தும் கையோங்காத பையன்களைப் பற்றி இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை.

பஸ்ஸில் கேட்ட வாக்கியம் வேறொன்றைச் சொல்கிறது. தன் வீட்டில் கற்றதைவிட அவள் வீட்டிலிருந்து அவன் கடன் வாங்கியதே அதிகம். விஷயம் தெரிந்தால் படிப்பை நிறுத்திப் பீடித்தட்டின் முன் உட்கார வைப்பார்கள். அவசரமாக யாருக்காவது கட்டிவைப்பார்கள். சாதி வேறென்றால் உயிருக்கே உத்தரவாதமில்லை. எல்லாம் அவனுக்குத் தெரியும். வீடும் காதலனும் எதிரிகளாகத் தோன்றினாலும் அவள் உடலைக் காவல் காப்பதில் கூட்டாளிகள்.

2019இல் வெளிவந்த பொள்ளாச்சிக் கொடுமையில், பழகிப் படமெடுத்து மிரட்டியவர்கள் நம்பியிருந்தது இந்தப் பயத்தைத்தான். ஒரு மாணவியால் வீட்டில் சொல்ல முடிந்தது. வீடு அவள் பக்கம் நின்றது. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை.

சட்டமும் வீட்டையே அளவுகோலாக வைத்திருக்கிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் ஒரே வீட்டில் வாழ்ந்த உறவுகளுக்கானது. திருமணம் போன்ற உறவு எது என்று 2010இல் உச்சநீதிமன்றம் வரையறுத்தபோதும் சும்மா பழகுகிறவர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். காவல் நிலையம் போனாலோ, பல நேரம் முதல் கேள்வி, ‘ஒங்கப்பா நம்பர் என்ன?’

பையன்களைத் திருத்தும் வகுப்புகள் நடக்கட்டும். ஆனால் ‘ஒருத்தன் என்ன அடிச்சான்’ என்று மகள் சொன்னதும், ‘அவங்கூட ஒனக்கு என்ன பேச்சு?’ என்று கேட்கிற வரைக்கும் அந்த மிரட்டல் செல்லுபடியாகும். நம் தோழர்களின் வீடுகளிலும்தான்.