கணினியிலிருந்து கைப்பேசிக்கு: குரோமின் க்யூஆர் வசதி

கணினியில் திறந்திருக்கும் இணையப் பக்கத்தைக் கைப்பேசிக்கு மாற்ற குரோம் உலாவியில் க்யூஆர் வசதி உண்டு. பக்கத்தின் வெற்றிடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தினால் வரும் பட்டியலில் அதற்கான கட்டளை இருக்கிறது. திரையில் தோன்றும் குறியீட்டுக்கு நேராகக் கைப்பேசிக் கேமராவைப் பிடித்தால் சுட்டி வரும். தொட்டதும் பக்கம் திறக்கும். இரண்டு கருவியிலும் ஒரே கூகுள் கணக்கு தேவையில்லை. ஒரே வைஃபையும் தேவையில்லை. பிரவுசிங் சென்டர் கணினியில் கணக்கைத் திறக்காமலே பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய பலம்.

பயணப் பாதைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில் தொடங்கி, திருபுவனம் கம்பகரேசுவரர், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில்கள் வரையான பாதையைக் கூகுள் மேப்ஸில் அமைக்கப் பெரிய திரையே வசதி. பாதை தேவைப்படுவதோ வண்டியில், கைப்பேசியில். நிறுத்தங்கள் கூடக்கூட முகவரி நீளும், கட்டங்கள் நெருங்கும், கேமரா தடுமாறும். மேப்ஸின் பகிர்வுப் பகுதியில் கிடைக்கும் குறுஞ்சுட்டியைக் குறியீட்டோடு வரும் பெட்டியில் ஒட்டினால் சிக்கல் தீரும்.

தமிழ் முகவரிகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். 'திருவிடைமருதூர்' என்பது 8 எழுத்து. யூனிகோடில் 15 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் 45 பைட்டுகள். இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறிகளோடு விரியும்போது 135 எழுத்துக்குறிகள். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரிக்குப் பின் அப்பெயர் வந்தால் மொத்தம் 165. 15% சேதத்தைத் தாங்கும் பிழைத்திருத்த நிலையில், பைட் முறையில் இதற்கு 53×53 கட்டங்கள் வேண்டும். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 33×33 போதும். 1994-ல் டென்சோ வேவ் நிறுவனம் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க உருவாக்கிய இக்குறியீட்டின் உச்ச அளவு 177×177. ஆனால் அந்த அளவை மடிக்கணினித் திரையிலிருந்து படிப்பது கடினம். தமிழ்த் தளங்களை நடத்துவோர் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுஞ்சுட்டி தருவது வாசகர்களுக்குப் பேருதவி.

கைப்பேசிக்குப் போவது முகவரி மட்டுமே. பாதி நிரப்பிய படிவம், கூடையில் சேர்த்த பொருட்கள், உள்நுழைவு எதுவும் கூட வராது. கணினியில் சேமித்த கோப்பின் முகவரியும் கைப்பேசியில் திறக்காது. இதிலிருந்து வேறுபட்டு, ரயில் டிக்கெட் போன்றவற்றுக்குக் கணினித் திரையில் வரும் யூபிஐ குறியீடு, பணம் செலுத்தும் வேலையை மட்டும் கைப்பேசிக்கு மாற்றுகிறது. பணம் போனதும் டிக்கெட் உறுதியாவது கணினியில்தான். அதுவரை அந்தப் பக்கத்தை மூடவோ மறுமுறை ஏற்றவோ கூடாது.

2015-ல் வந்த வாட்ஸ்அப் வெப் குரோமின் இந்த வசதிக்கு நேரெதிர். அங்கே ஸ்கேன் செய்தால் கைப்பேசிக் கணக்கு கணினியில் திறக்கிறது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க அப்படி இணைத்தவர், வேலை முடிந்ததும் இணைத்த சாதனங்களின் பட்டியலிலிருந்து அந்தக் கணினியை நீக்கிவிட வேண்டும். குரோம் குறியீட்டில் கணக்கு விவரம் கைமாறுவதில்லை என்பதால் அந்தக் கவலை இல்லை.

செய்தி, வரைபடம், அரசு அறிவிப்பு போன்ற பொதுப் பக்கங்களை மாற்ற இதைவிட எளிய வழி இல்லை. உள்நுழைந்து பாதியில் நிற்கும் வேலையைக் கணினியிலேயே முடிப்பது நல்லது.