கப்பலை விட்டு இறங்காத சந்திரசேகர்

சுப்பிரமணியன் சந்திரசேகர் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். 1930இல் பம்பாயில் கப்பலேறுகிறார், வயது 19. பயணத்திலேயே கணக்குப் போட்டு, வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்று காண்கிறார். இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1935இல் லண்டனில் எடிங்டன் அவரைக் கேலி செய்கிறார். 1983இல் நோபல். கைதட்டல்.

பெருமை பேசுவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த பையனுக்கு அது தேவையாகத்தான் இருந்தது. ஆனா அந்த நட்சத்திரம் என்ன ஆச்சு? எரிபொருள் தீர்ந்த பிணம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். வேற்றுக் கோள்கள் எதனால் ஆனவை என்று வானியலாளர்கள் இன்று அந்தப் பிணத்திடம்தான் கேட்கிறார்கள்.

ஈப்போக்காரருக்கு இதை விளக்க டூலாங் தட்டு போதும். கிந்தா பள்ளத்தாக்கில் பெண்கள் தண்ணீரில் நின்று அதைச் சுழற்றுவார்கள். லேசான மணல் ஓடிவிடும், கனமான ஈயமணல் அடியில் தங்கும். வெண்குறுமீனிலும் கனமானது அடியில் போய்விடும், ஈர்ப்பு அவ்வளவு பலம். மேலே ஹைட்ரஜனோ ஹீலியமோதான் மிஞ்ச வேண்டும். அங்கே கால்சியமும் இரும்பும் தெரிந்தால்? நொறுங்கிய குறுங்கோள் ஏதோ அண்மையில் விழுந்திருக்கிறது. ஒளிக்கற்றையில் தனிமங்களின் விகிதத்தை அளந்தால், அது பூமி மாதிரிப் பாறைதானா என்று சொல்லிவிடலாம். 1917இல் எடுத்த வான் மானன் நட்சத்திரத்தின் ஒளித்தட்டிலேயே இந்தக் கால்சியம் பதிவாகியிருந்தது. அதன் பொருள் புரியப் பல பத்தாண்டுகள் ஆயின.

(இந்த இடத்தில் துண்டாடப்பட்ட தோட்டங்களை உவமை சொல்ல நம் ஆட்களுக்குக் கை துருதுருக்கும். வேண்டாமே. பாறை பாறையாகவே இருக்கட்டும்.)

சில வெண்குறுமீன்களைச் சுற்றி வாயு வளையமே உண்டு. 2006இல் போரிஸ் கென்சிக்கே குழு கண்டதில் கால்சியம் ஒளிர்ந்தது. 2019இல் அதே கென்சிக்கேயின் குழு கடக ராசிப் பக்கம் இன்னொன்றை அறிவித்தது. அதில் இருந்தவை ஹைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம். பாறைக்கு உரிய கலவை இல்லை இது. யுரேனஸ், நெப்டியூன் போன்ற கோள்களின் ஆழத்துக்கு ஒத்துவருகிறது. அப்படியொரு பெருங்கோள் அந்தச் சின்ன நட்சத்திரத்தின் வெப்பத்தில் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

நான் படித்த சந்திரசேகர் கட்டுரை எதிலும் இந்தப் பத்தி இல்லை. எடிங்டன் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறார்.